கழுத்துக்கு வந்த சோதனை

"தலையை ஆட்டாதீங்க!" என்று அதட்டினார் டாக்டர் ரக்ஷிதா.

சரி என்று தலையை ஆட்டினார் கணேசமூர்த்தி. பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனியில் தலையாட்டியே சூப்பர்வைசர் ஆன மனிதர், வேறென்ன செய்வார்? அடுத்த நிமிடம் அவர் கழுத்தில் கெட்டியான பட்டை ஏறியது.

அடுகோடி ரோட்டுப் பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்கி அவரைத் தூக்கி எறிந்திருந்தது. அவருக்கு உடம்பைப் பற்றிக் கவலையில்லை. ஐந்து மணிக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அலையாய் அலைந்து தேடிய வரன்.

"வலியே இல்ல டாக்டரம்மா, விட்டுடுங்க."

டாக்டர் பின்கழுத்து எலும்பை லேசாக அழுத்தினார். கணேசமூர்த்தி போட்ட அலறலில் வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"சிடி ஸ்கேன்ல எலும்பு சரியா இருக்குன்னு தெரியற வரைக்கும் அசையக் கூடாது."

ஸ்கேனுக்கு முன்னால் நாலைந்து பேர். சீக்கிரம் கூப்பிடட்டுமே என்று, "கை மரத்துப்போச்சு சிஸ்டர்" என்று நர்ஸ் சோனியாவிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். உடனே நெற்றியையும் சேர்த்துக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். நரம்பு டாக்டரும் பார்த்த பிறகுதான் வீடு என்றார்கள்.

சோனியா போனை அவர் காதில் வைத்தாள். மனைவி வனஜா படபடத்தாள். "மாப்பிள்ளையோட அப்பா போனே எடுக்கலீங்க!"

"நான் விழுந்தத மட்டும் சொல்லிடாத வனஜா. அபசகுனம்னு வரனே கைவிட்டுப் போயிடும்."

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டது. அவருக்கும் கழுத்துப்பட்டை. இருவரும் கூரையைப் பார்த்தபடியே பேசினார்கள்.

"என்ன சார் பிரச்சனை?"

"எங்க லாவண்யாவப் பாக்க வராங்க சார். தரகர்தான் பேசி முடிச்சாரு. மாப்பிள்ளையோட அப்பா பயங்கர சிடுமூஞ்சியாம்."

"அப்படியா சொன்னாரு?" குரலில் சுரத்தே இல்லை.

ஒருவழியாக ஸ்கேன் முடிந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "ரெண்டு பேருக்கும் எலும்பு சூப்பர். வெறும் தசைப்பிடிப்புதான்."

அப்பாடா! கணேசமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மரத்துப்போனது பொய் என்று ஒப்புக்கொண்டு, நன்றாகத் திட்டு வாங்கி, பட்டையைக் கழற்றிக்கொண்டார். ஆசை தீரத் தலையை இடமும் வலமும் திருப்பினார்.

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, உங்க வீட்டுக்கு வர்ற வழியிலதான் நானும் விழுந்தேன். வனஜாம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அபசகுனம்னு பொண்ணு குடுக்க மாட்டாங்க!"