மூடி அண்ணையின் புளிக்காத வாளிகள்

ரொறன்ரோவில் சாராயம் காய்ச்சப் புறப்பட்டு, மூன்று வருடம் ஓயாமல் உழைத்து, ஒரு சொட்டும் காய்ச்சாத மனிதர் மூடி அண்ணை ஒருவர்தான். இந்தக் கனடாவில் அவருக்கு முன்னும் அப்படி ஒருவர் இருந்ததில்லை. இனியும் வரப்போவதில்லை.

இன்னொன்று. அவர் குடிக்கமாட்டார். பக்கத்தில் ஒருவர் பியர் போத்தலைத் திறந்தாலே தும்முவார். பிறகு ஏன் காய்ச்சப் புறப்பட்டார் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். அவர் பதில் சொன்னார். விளங்கவில்லை.

எண்பத்தைந்தில் டோர்செட் பார்க்கில் இருந்தோம். எட்டாம் மாடி, இரண்டு அறை, ஐந்து பேர். கதவு செய்யும் ஃபக்டரியில் எனக்குப் பின்னேர ஷிஃப்ட். முதலில் நிரந்தர வேலை கிடைத்தவன் நான் என்பதால் வீடு என் பெயரில் இருந்தது. மூடி அண்ணை திருகோணமலைக்காரர். அங்கே துறைமுகத்தில் குழாய் பொருத்தினவர். இங்கே ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவினார். விடிய நாலு மணிக்குப் போய் மத்தியானம் வருவார்.

ஒருநாள் வரும்போது பதினொரு பிளாஸ்ரிக் மூடி கொண்டுவந்தார். கேக்குக்குப் பூசும் கிறீம் வருகிற பெரிய வாளிகளின் மூடி. வாளி இல்லை. மூடி மட்டும்.

எங்களோடு இருந்த செல்வம் வாய் சும்மா இராத ஆள். வாளி எங்கே அண்ணை என்று கேட்டான்.

"வாளி ஆரும் செய்வான். மூடியிலதான் விசயம் கிடக்கு."

மூடி அண்ணை என்பது நாங்கள் அன்று வைத்த பெயர்தான். சொந்தப் பெயர் எனக்கு மறந்துபோய்விட்டது. அவருக்கும் மறந்திருக்கும்.

அடுத்த கிழமை வாளிகளும் வந்தன. பிறகு மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாய். பிறகு பேக்கரியிலிருந்து, மா பொங்கப் போடுகிற ஈஸ்ற். பிற்சா விளம்பரக் கடதாசிகளின் பின்பக்கத்தில் படம் கீறத் தொடங்கினார். வாளி, வாளிக்கு மேல் மூடி, மூடியில் ஓட்டை, ஓட்டையிலிருந்து குழாய், குழாயின் மற்ற நுனி தண்ணீர்க் கிளாசுக்குள். உள்ளே இருக்கிற காற்று வெளியே போகவேண்டும், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. இதை எங்கள் நால்வருக்கும் ஒரு மாதம் விளங்கப்படுத்தினார். காற்றுக்கு எப்படித் தெரியும் தான் உள்காற்றா வெளிக்காற்றா என்று செல்வம் கேட்டான். மூடி அண்ணை முதலிலிருந்து தொடங்கினார்.

சாராயம் எப்போது என்று கேட்டால் கோபம் வரும். முதலில் புளிக்கவைக்கும் சாமானைச் சரியாகச் செய்யவேண்டும், காய்ச்சுவது கடைசி வேலை, அவசரக்காரனுக்கு இது சரிவராது என்பார். காய்ச்சினால் ஜெயில் என்று செல்வம் சொன்னான். அதுவும் கடைசியில்தானே என்றார்.

முதல் வாளி சீனி, முந்திரிகை வத்தல், ஈஸ்ற் போட்டு மூடின மூன்றாம் நாள் பேசத் தொடங்கியது. கிளாசுக்குள் புளுக், புளுக் என்று குமிழி விட்டது. மூடி அண்ணை கதிரையைப் பக்கத்தில் போட்டு மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோசம்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு வத்தல் போய்க் குழாயில் அடைத்துவிட்டது. எங்களுக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூடி வெடித்து முகட்டில் போய் அடித்தது.

ஐந்து பேரும் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். சோற்றுக் கோப்பைகளும் எங்களோடு படுத்தன. முகட்டில் ஒட்டியிருந்த வத்தல் ஒவ்வொன்றாக எங்கள் முதுகில் விழுந்தது.

"அண்ணை, நிண்டிட்டுதோ?" செல்வம் படுத்தபடியே கேட்டான்.

"மூடி கனக்க இறுகிப்போச்சு," என்றார் மூடி அண்ணை, அவரும் படுத்தபடியே.

அப்போதுதான் யாரோ கதவைத் தட்டினார்கள். கட்டடத்தைப் பார்க்கிற சுப்பர். இத்தாலிக்காரர், வயதானவர். வெடிச்சத்தம் கேட்டதாகக் கீழ்வீட்டுக்காரி முறைப்பாடு சொன்னாள் என்று வந்திருந்தார். ஐந்து ஆம்பிளைகள் நிலத்திலிருந்து எழும்புவதைப் பார்த்தார். முகட்டைப் பார்த்தார். மணந்து பார்த்தார். சமையல் என்று சொன்னேன். இன்னொரு முறைப்பாடு வந்தால் வீடு இல்லை என்று என்னிடம் விரலை நீட்டிச் சொன்னார். வீடு என் பெயரில் அல்லவா.

அது எனக்குச் சின்ன விசயம் இல்லை. என் மனைவி மலரும் மகளும் ஊரில் இருந்தார்கள். மகளை நான் இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தவன். அவர்களை இங்கே கூப்பிட இமிக்கிரேஷனுக்குக் காகிதம் போட்டிருந்தேன். காகிதம் நிரப்பித் தந்தவர், வீடு உன் பெயரில் இருக்கிறது, முறைப்பாடு ஒன்றும் இல்லை என்று கட்டடத்தில் ஒரு கடிதம் எடுத்து வை என்று சொல்லியிருந்தார். வீடு போனால் கடிதம் போச்சு. எங்கள் அடுப்பில் சாராயம் காய்ச்சிப் பொலிஸ் வந்தால் எல்லாம் போச்சு.

மூடி அண்ணையிடம் சொன்னேன். எனக்கு நீட்டிக் கதைக்க வராது. மூன்று சொல்லில் சொன்னேன். விடுங்கோ அண்ணை இதை. ஓம் தம்பி, நீ சொல்லுறது சரி என்றார். அடுத்த நாள் புது மூடி கொண்டுவந்து இன்னொரு வாளி போட்டார். இது இனி வெடிக்காது என்றார்.

இதற்கு மேல் என்ன சொல்வது. யோசித்தேன். நான் வெற்றிலை போடுகிறவன். இந்தியக் கடைகள் உள்ள ஜெராட் வீதியில் வெற்றிலையும், பற்பசை மாதிரி ரியூப்பில் சுண்ணாம்பும் வாங்குவேன். எங்கள் பக்கத்தில் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிப் பனையில் கட்டினால் கள் வராது. கருப்பணிதான் வரும். இனிக்கும், வெறிக்காது. அண்ணை துறைமுகத்துப் பக்கம் வளர்ந்த ஆள். பனையைத் தூரத்தில் பார்த்திருப்பார்.

புது வாளியும் பேசத் தொடங்கிவிட்டது. ஒருநாள் விடியப்புறம் அவர் வேலைக்குப் போனபின் மூடியைக் கழற்றி, வாளிக்குள் விரலளவு சுண்ணாம்பு விட்டுக் கலக்கினேன். மூடியைப் பழையபடி மூடினேன். மூட ஒரு மணித்தியாலம் சென்றது. நல்ல மூடி.

வாளி பேச்சை நிறுத்திவிட்டது.

அதன் பிறகு அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு மூடிக்கு மேல் இன்னொரு மூடி வைத்தார். குளிர் என்று நினைத்துக் கம்பளியால் சுற்றினார். ஹீற்றரோடு சேர்த்துக் கட்டினார். குளிக்கிற தொட்டிக்குள் சுடுதண்ணி விட்டு வாளியை இருத்தினார். இரண்டு நாள் நாங்கள் குளிக்கவில்லை. வாளியில் காதை வைத்துக் கேட்டார். எங்களையும் கேட்கச் சொன்னார். ஐந்து பேரும் முறை வைத்துக் கேட்டோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பதை நான் உறுதியாகச் சொன்னேன்.

ஈஸ்ற் செத்துப்போயிற்று என்று பேக்கரி ஃபோர்மனிடம் போய்ச் சொன்னார். ஃபோர்மன் அவர் முன்னாலேயே மா குழைத்து, பொங்கவைத்து, பாணாகச் சுட்டுக் கையில் கொடுத்தார். அந்தப் பாணை நாங்கள் சாப்பிட்டோம். அண்ணை சாப்பிடவில்லை.

பிறகு, எட்டாம் மாடி உயரம் கூடிப்போச்சு, அதுதான் என்றார்.

"கள்ளு பனைக்கு மேலயெல்லோ புளிக்குது அண்ணை?" என்று செல்வம் கேட்டான்.

மூடி அண்ணை எழும்பிப் போய் வாளிக்கு இன்னொரு கம்பளி சுற்றினார்.

ஒவ்வொரு புது வாளிக்கும் நான் விரலளவு வைத்தேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போதாமல் போனது. மூடி அண்ணை மெலிந்துபோனார். பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். மகளின் படம் சுவரில் இருந்தது. வாயை மூடினேன்.

குற்றம் இந்தக் கட்டடத்தில்தான் என்று கடைசியாக முடிவெடுத்தார். மல்வேர்னில் அவரோடு வேலை செய்கிற ஒருவருக்கு, மாடிக்கட்டடம் இல்லாமல் நிலத்தோடு நிற்கிற ரவுன்ஹவுஸ் இருந்தது. வாளியை அங்கே கொண்டுபோய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னார். மாசி மாதக் குளிர். வாளியைக் கம்பளியால் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏறினார். செல்வமும் கூடப்போனான். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, பிள்ளையாக்கும் என்று கம்பளியை மெல்ல விலக்கிப் பார்த்தாளாம். மூடியையும் அதிலிருந்து நீண்ட குழாயையும் கண்டாளாம். அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டாளாம். பாவம், அவளின் தரிப்பு அதுவாக இருந்திராது.

நாலு நாள் கழித்து வாளியோடு திரும்பி வந்தார். வாளி அங்கேயும் பேசவில்லை. அந்த வீட்டில் புதிதாகப் போட்ட வாளி பேசியதாம். அண்ணை கதிரையில் இருந்து கனநேரம் என்னைப் பார்த்தார். நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன்.

"வெத்திலை எப்ப தொட்டுப் போடுறாய் தம்பி?"

"சின்னனிலயிருந்து அண்ணை."

"ம்," என்றார்.

இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த நாளே எல்லாவற்றிலும் பெரியதைத் தொடங்கினார். ஐந்து வாளி, ஐந்து மூடி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குழாய். ஏணி மாதிரி ஹோல் முழுக்க நின்றது. ரீவியைப் பார்க்க இடமில்லை. நானும் சளைக்கவில்லை. ஐந்து வாளிக்கும் ஐந்து விரல் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் கடிதம் கேட்டிருந்தேன். சுப்பர் வீட்டைப் பார்த்துச் சொன்னால்தான் கட்டட ஒஃபிஸில் கடிதம் தருவார்கள். சனிக்கிழமை காலை சுப்பர் வந்தார். சமையலறை பார்த்தார், குளியலறை பார்த்தார், ஹோலுக்கு வந்து நின்றுவிட்டார். இது என்ன என்று என்னைக் கேட்டார். எனக்குத் தமிழே வரவில்லை. இங்கிலீஷ் எப்படி வரும். செல்வம் மெல்லச் சமையலறைக்குள் போய்விட்டான்.

மூடி அண்ணை அறையிலிருந்து வந்தார். தோய்த்த சேட் போட்டிருந்தார். எங்களில் ஒருவரையும் மூடியில் கைவைக்க விடாத மனிதர், தானே போய் முதல் வாளியின் மூடியைக் கழற்றினார். கோப்பையால் மொண்டார். சுப்பரிடம் நீட்டினார்.

சுப்பர் மணந்தார். குடித்தார். வத்தலைச் சப்பினார். ஜூஸா என்றார். ஜூஸ் என்றார் மூடி அண்ணை. சுப்பர் இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தார். நல்ல இனிப்பு, ஆனால் புதிதாகப் பூசின சுவரின் ருசி ஒன்று வருகிறது என்றார். அவர் முந்திச் சுவர் பூசினவராம்.

மூடி அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரொறன்ரோத் தண்ணி அப்பிடி, என்ன தம்பி?"

நான் சுப்பரின் கையிலிருந்த கோப்பையை வாங்கினேன்.

சுப்பருக்குப் போக மனமில்லை. அவர் வீட்டில் ஒவ்வொரு வருடமும் வைன் போடுகிறவராம். சீனி இருக்கிறது, வத்தல் இருக்கிறது, பிறகு ஏன் இது புளிக்கவில்லை என்று அவருக்கும் குழப்பம் வந்துவிட்டது. முழங்காலில் நின்று மூடிகளைத் தடவிப் பார்த்தார். இரண்டு பேரும் அரை மணித்தியாலம் கையால் பேசினார்கள். ஒருவரின் இங்கிலீஷ் மற்றவருக்கு விளங்கவில்லை. அது அவர்களுக்குக் குறையாகவும் தெரியவில்லை. போகும்போது, இப்படி மூடி நான் கண்டதில்லை என்று சுப்பர் சொன்னார். அதை மட்டும் எல்லாருமே விளங்கிக்கொண்டோம்.

மூடி அண்ணையின் முகம் அன்று இருந்த மாதிரி நான் பிறகு கண்டதில்லை. இந்த நாட்டுக்கு வந்தபின் அவரின் வேலையை ஒருவர் மெச்சினது அதுதான் முதல்தரம் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. முறைப்பாடு இல்லை என்று எழுதியிருந்தது.

எண்பத்தெட்டில் மலரும் மகளும் வர நாள் குறித்தாயிற்று. மற்றவர்கள் இடம் மாறினார்கள். மூடி அண்ணை அஜக்ஸில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார். குழாய்களைக் கொண்டுபோனார். ஒரு வாளியை மூடியோடு விட்டுவிட்டுப் போனார். அரிசி போட்டு வை, கரப்பான் போகாது என்றார்.

மலர் வந்த மறுநாள் அரிசி கொட்ட வாளியைத் திறக்கப் பார்த்தாள். ஏலவில்லை. நான் திறந்தேன். அடியில் சுண்ணாம்பு ரியூப் ஒன்று கிடந்தது. பிரிக்காதது. நான் வாங்குகிற அதே சுண்ணாம்பு.

"அரிசி வாளிக்க சுண்ணாம்பு ஏனப்பா?" என்று மலர் கேட்டாள்.

"பூச்சி வராது," என்றேன்.

எப்போது அவருக்குத் தெரிந்தது. மல்வேர்னில் என்றால், வந்து ஏன் ஐந்து வாளி வைத்தார். முதலே என்றால், அந்தக் குளிரில் ஏன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கடைசி நாள்தான் என்றால், சுப்பருக்கு முன்னால் எந்த நம்பிக்கையில் மூடியைக் கழற்றினார். இத்தனை வருடமாக யோசிக்கிறேன். ஒன்றும் பொருந்தவில்லை. கேட்கவும் இல்லை. நான் கேட்கிறவன் இல்லை, அவரும் சொல்கிறவர் இல்லை.

கலியாண வீடுகளில் அவரைக் காண்பேன். தூரத்திலிருந்தே கிட்ட வருவார். சுகம் விசாரிக்கமாட்டார்.

"வாளி கிடக்கோ தம்பி?"

"கிடக்கு அண்ணை."

"மூடி?"

"இறுக்கம்."

தலையை ஆட்டிவிட்டுப் போய்ச் சாப்பாட்டு வரிசையில் நிற்பார்.

மூன்று வீடு மாறிவிட்டோம். அரிசி இப்போதும் அந்த வாளியில்தான். மகள் எத்தனையோ தரம் புது வாளி வாங்கித் தந்தாள். அதையெல்லாம் ஆருக்காவது கொடுத்துவிடுவேன். மூடி அண்ணையின் மூடியை எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் திறப்பேன், நான் மட்டும்தான் மூடுவேன்.