மயிலாப்பூரின் இரண்டாவது விடியல்

ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே பொழுது விடிந்ததைச் சொல்லக்கூடியவர் மயிலாப்பூரிலேயே ஒருத்தர்தான் இருந்தார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் கொய்ங் மாமா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன்.

மாமா தாமே செய்த ரேடியோவில் பாட்டு வராது. சீமையிலிருந்து மிக நீண்ட அலைகளில் வரும் தந்திச் சத்தம் மட்டும் கொய்ங் கொய்ங் என்று கேட்கும். அதைப் பிடிக்கக் கொல்லையில் தென்னைக்குத் தென்னை செம்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்.

"ஓய், ஆகாசத்துல ஒரு கூரை இருக்கு. சத்தம் அதுல முட்டி முட்டித்தான் இங்கே வரது. பகல்ல வெயில் பட்டுக் கூரை தாழ்ந்துடும், ராத்திரி உசந்துடும். விடியறச்சே அது மாறறதோல்லியோ, அப்போ சத்தம் சித்த நாழி அமுங்கிப் போகும்" என்பார்.

"அந்தக் கூரை இருக்கட்டும். நம்மாத்துக் கூரை ஒழுகறது" என்பாள் மாமி, உள்ளேயிருந்து.

மாமா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். விடியலில் அமுங்கிய சத்தம், வெயில் வந்த பிறகு தினமும் இன்னொரு தடவை அமுங்கியது. உலகத்தில் யாரும் கேட்டிராத இரண்டாவது விடியல்! சொன்ன இடத்திலெல்லாம் சிரித்தார்கள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு காலேஜ் புரொபசரைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கிட்டு, இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்தார்கள்; நான் பக்கத்தில் நின்றேன். முதல் அமுங்கல் வந்தது, போனது. வெயில் ஏறியது. இரண்டாவது வரவே இல்லை. புரொபசர் மரியாதையாக இருமினார். மாமா ஹெட்போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

மாமி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, பெரிய மனுஷா வந்திருக்காளேன்னு இத்தனை நாழி காத்துண்டிருந்தேன். ஈரப் புடவையை உலர்த்திட்டு வந்துடறேனே."

கொல்லைக்குப் போனாள்.

"வந்துடுத்து!" மாமா துள்ளி எழுந்தார். ஹெட்போன் இழுத்த இழுப்பில் புரொபசரும் எழுந்தார். எழுந்தவர் ஜன்னல் கதவைத் திறந்து பார்த்தார். செம்புக் கம்பியில் மாமியின் ஒன்பது கஜம் சொட்டச் சொட்டத் தொங்கியது, தலைப்பு தரையில் புரண்டது. சீமையிலிருந்து வந்த சத்தமெல்லாம் அந்த ஈரத்தின் வழியே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா புரொபசர் பக்கம் திரும்பினார்.

"சார், ஆகாசத்தை அசைக்கறது ரெண்டு பேர். ஒண்ணு சூரியன். இன்னொண்ணு இவ."

பிறகு ஒரு நாள், "மாமிக்கு வேறே கொடி கட்டித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் ஓய். சத்தம் அமுங்கினா அடுத்தது காப்பி வரும்னு அர்த்தம்."

சில வருஷங்கள் கழித்து மாமி போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை, வெயில் ஏறிய பிறகும் மாமா ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அமுங்க மாட்டேங்கறதே, ஓய்" என்றார்.

அந்த மனுஷர்மேல் எனக்கு அத்தனை பிரியம் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கொல்லைக்குப் போய், என் வேஷ்டியை நனைத்து, பிழியாமல் கம்பியில் போட்டேன்.

உள்ளேயிருந்து மெல்லக் குரல் வந்தது. "வந்துடுத்து."