எழும்ப மறுத்த ரப்பர் குடும்பம்

ஆங்கில ஆசிரியர்களிடம், "செயலமர்வுக்கு வரும்போது சொந்தமாகச் செய்த கற்பித்தல் சாதனம் ஒன்றோடு வாருங்கள்" என்று மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் பாதிப் பேருக்கு மூளை கழன்றுவிடும். எனக்கு முழுதாகவே கழன்றது.

அப்போது நான் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியன். நிரந்தர நியமனம் இல்லை. கரவனெல்லயில் செல்வராணியைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அவளுடைய அப்பா பட்டென்று சொல்லிவிட்டார்: "தம்பி, வேல மொதல்ல நெரந்தரமாகட்டும். அப்புறம் தேதி குறிப்போம்." நிரந்தரமாக வேண்டுமென்றால் செயலமர்வை நடத்தும் ஆசிரிய ஆலோசகர் நல்ல அறிக்கை எழுத வேண்டும். ஆக, என் கல்யாணம் ஒரு கற்பித்தல் சாதனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் டிமை என்கிற பெரிய தாளில் ஆப்பிள் வரைந்துகொண்டு வருவார்கள் (நம்ம பிள்ளைகள் ஆப்பிளை எங்கே கண்டார்கள்?). நான் யார்? ரப்பர் தோட்டத்துப் பிள்ளையாயிற்றே! செயலமர்வுக்கு முதல் நாள் என் அப்பா வெட்டிக்கொண்டு வந்த ரப்பர் பாலில் இடது கையை முக்கி, காயவைத்து, மறுபடி முக்கி, ஒரு கையுறையே செய்துவிட்டேன். விரலுக்கு ஒரு முகம் வரைந்தேன். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, பாப்பா. ஆங்கிலம் பேசும் ரப்பர் குடும்பம்!

காலையில் கழற்றப் பார்த்தேன். கையிலிருந்த முடியும் கூடவே வர, உயிரே போனது. சரி, போட்டுக்கொண்டே போவோம் என்று, ஒட்டாமலிருக்க முகப் பவுடரை மேலே கொட்டிக்கொண்டு கேகாலை பஸ்ஸில் ஏறினேன். பச்சை ரப்பர் நாற்றத்தில் பக்கத்து சீட் கடைசிவரை காலி.

என் முறை வந்தது. ஆலோசகர் யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. வியர்வையில் பவுடர் கரைந்துபோனதை நான் கவனிக்கவில்லை. "தி ஃபேமிலி இஸ் ஸ்லீப்பிங்" என்று ஐந்து விரல்களையும் மடக்கினேன். நல்ல கைதட்டல்.

"குட் மோர்னிங், ஃபேமிலி! வேக் அப்!"

குடும்பம் எழும்பவில்லை. ரப்பரோடு ரப்பர் ஒட்டிக்கொண்டுவிட்டது! இழுத்தேன், உதறினேன். பார்ப்பவர்களுக்கு நான் ஆலோசகரின் மூக்குக்கு நேரே முஷ்டியை ஆட்டுவதாகத்தான் தெரிந்திருக்கும்.

"என்ன தம்பி, குடும்பம் எழும்பேல்லையோ?" என்றார் அவர்.

"கொஞ்சம் அசதி போல இருக்குங்க சார்." (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

முன்வரிசையிலிருந்த குமாரி டீச்சர், "அனே பவ்!" என்று சிங்களத்தில் பரிதாபப்பட்டு, "வேக் அப்!" என்று எனக்குத் துணைக்குக் குரல் கொடுத்தார். அவ்வளவுதான். தேநீருக்குத் தவிர வாயே திறக்காத அத்தனை ஆசிரியர்களும் மேசையைத் தட்டி "வேக் அப்! வேக் அப்!" என்று கத்த ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் தேங்காய் எண்ணெயோடு ஓடிவந்து, கையில் ஒரு முடி மிச்சமில்லாமல் உரித்தெடுத்தார்கள். நான் அலறியது மட்டும் சுத்தமான தமிழில்.

கல்யாணம் போச்சு என்று அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். அறிக்கை வந்தது. "சாதனம்: பாவனைக்கு உதவாது. வகுப்பின் பங்கேற்பு: இதுவரை கண்டதில்லை." வேலை நிரந்தரமானது. கல்யாணமும் நடந்தது.

இந்தக் கதையைச் செல்வராணியிடம் யார் சொன்னார்களோ தெரியாது (குமாரி டீச்சர்தான், வேறு யார்!). இப்போது பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாவுக்குக் காசு கேட்டு, நான் கொஞ்சம் யோசித்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வருகிறது:

"அப்பா கையில இன்னும் ரப்பர் கழலல, வெரல் விரியல போல புள்ள. அந்த எண்ண போத்தல எடுத்துட்டு வா!"