தேனீ டீச்சரின் சொந்தக்காரர்கள்

பெயருக்கேற்றபடி வாழ்கிறவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரோடு பத்து வருஷம் நான் வேலை பார்த்திருக்கிறேன். மற்றவர்களைப் பற்றிப் பேச வேண்டாம். என் பெயர் தைரியராஜ். பல்லி மேலே விழுந்தால் இரண்டு நாள் லீவு போடுகிற ஆள்.

திருப்பரங்குன்றம் பக்கத்து மிஷன் பெண்கள் பள்ளியில் நான் கிளார்க், அவர் கணக்கு டீச்சர். பதிவேட்டில் டெபோரா. ஊருக்கெல்லாம் தேனீ டீச்சர். அந்தப் பட்டப்பெயரைப் பிள்ளைகள் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். ஜூன் மாத முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்:

"டெபோரான்னா எபிரேய பாஷையில தேனீ. எங்கிட்ட தேனும் இருக்கு, கொடுக்கும் இருக்கு. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

கணக்கு சரியென்றால் நோட்டில் சிவப்பு மையில் சிறகு விரித்த தேனீ. தப்பென்றால் வெறும் கொடுக்கு. "ஏன் சார், எம்புள்ள நோட்டு பூரா ஊசி ஊசியா வரைஞ்சிருக்காக?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் வந்து பதறியிருக்கிறார்.

பள்ளி நிறுத்தத்தில் நிற்காமல் போன டவுன் பஸ்ஸை ஒருநாள் நடுரோட்டில் நின்று மறித்தார். "யாரும்மா நீ?" என்று டிரைவர் கத்த, "தேனீ!" என்றார். டிரைவர் பயந்துபோய் கண்ணாடியை ஏற்றினார். அதற்குள் நாற்பது பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள்.

பைபிளில் அதே பெயருள்ள ஒரு பெண்மணி மரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பாராம். ஆகவே இவரும் மதியம் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டுவிடுவார். பென்சில் டப்பா திருட்டு, குழாயடிச் சண்டை எல்லாம் அங்கேதான் தீரும். எனக்கும் என் மனைவிக்கும் வந்த தகராறுகூட ஒருமுறை அங்கே போனது. நான் தோற்றேன்.

ஒரு வருஷம், பொதுத்தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், தேர்வு நடக்கிற மாடியின் சன்ஷேடுக்கு அடியில் முறம் அகலத்துக்கு மலைத்தேனீக் கூடு. பார்வையிட வந்த அதிகாரி, "இது போகலேன்னா சென்டரை மாத்திருவோம்" என்று சொல்லிவிட்டார். மாற்றினால் ஊரின் அந்தக் கோடிக்கு. கிராமத்துப் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி நேரத்துக்கு வந்து சேரவே முடியாது. தலைமையாசிரியை உடனே தீப்பந்தத்துக்கு ஆள் சொல்லச் சொன்னார்.

"எரிக்கவா? என் பேரை வச்சிருக்கதுகள எரிக்க நான் விடுவேனா?" என்றார் டீச்சர். "எரிச்சா வெறி புடிச்சு ஹாஸ்டலுக்குள்ள பாயும் மேடம். நாளைக்கு ஒருநாள் மட்டும் குடுங்க."

மறுநாள் சோழவந்தானிலிருந்து தேனெடுக்கிற ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் மேலே பார்த்ததும் பின்வாங்கினார். "இம்புட்டுப் பெருசா? நீங்க கூட வாரதா இருந்தா ஏறுறேன். இல்லேன்னா ஊருக்குப் போறேன்."

ஐம்பத்தேழு வயது டீச்சர் சேலையை இழுத்துச் செருகினார். "ஏறுங்கண்ணே, வாரேன்."

நான் என்ன செய்தேன்? ரிக்கார்டு ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால், பொழுது சாயும் வெளிச்சத்தில் மொட்டை மாடி விளிம்பில் டீச்சர் புகைச் சட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுகிறார். கீழே மூங்கில் சாரத்தில் நின்ற மனிதர் தேன் ராட்டை அறுக்கிறார். கூட்டம் கறுப்பாக எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, குன்றைப் பார்த்துப் போய்விட்டது. போகிற போக்கில் டீச்சருக்கு மட்டும் ஏழு கொட்டு.

தேர்வன்று காலையில் ஒரு கண் மூடி, உதடு பணியாரமாக வீங்கி வந்து நின்றார். பயத்தில் வெளிறிப்போயிருந்த பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்தினார்கள்.

"மிஸ், உங்களையே கொட்டிருச்சா?"

"சொந்தக்காரவுக அப்படித்தான் இருப்பாக. போய் எழுதுங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் பாஸ்.

அந்தத் தேர்வன்று சாயங்காலமே ஒரு எவர்சில்வர் டப்பா நிறையத் தேனை என் மேஜையில் வைத்தார். ரிக்கார்டு ரூமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வீட்டுல குடுங்க. டப்பாவை மட்டும் மறக்காம கொண்டாந்துருங்க."

டீச்சர் ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. மாசத்துக்கு ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய், "டப்பாவை மறந்துட்டேன் மிஸ்" என்கிறேன். அவரும் திட்டிக்கொண்டே காப்பி போடுகிறார். கொடுத்துவிட்டால் அப்புறம் எதைச் சொல்லிப் போவது?