காருக்குக் கஞ்சி ஊற்றியவன்

ஒரு தொழில் தெரிந்தவனுக்கு அதை ஒட்டிய எல்லாத் தொழிலும் தெரிந்த மாதிரியே தோன்றும். இது ஒரு வியாதி. எனக்கு இருந்தது; இருந்தது என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜமுனாமரத்தூரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் என்று ஜவ்வாது மலையில் லேமினேஷன் ஆன காகிதங்களில் பாதி என் மிஷினுக்குள் புகுந்து வந்தவை. (மீதியைக் கறையான் தின்றுவிட்டது.) பிளாஸ்டிக் தாள் என்றால் என் கை சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் என் மனைவியின் வாழ்க்கையில் விளையாடினேன்.

தேவகி இரண்டு வருடமாக அரசாங்க வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்க, ஒரு கையில் கரண்டி, மறு கையில் பொது அறிவுப் புத்தகம். வயது வரம்புப்படி அந்தத் தேர்வுதான் அவளுக்குக் கடைசி. மையம் திருப்பத்தூரில். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள்; அதற்கு மேல் யார் வந்து காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார்கள்.

“சனிக்கிழமையே பஸ்ல போய் சித்தி வூட்டுல தங்கிக்கறேன்” என்றாள்.

“வூட்டுல கார் நிக்கறப்ப இன்னாத்துக்கு பஸ்ஸு? ராணி மாதிரி நான் இட்டுனு போறேன்.”

“மார்கழிப் பனி. விடியக்காத்தால மலை எறங்கணும். ஒண்ணும் தெரியாதுங்க.”

“அதுக்குத்தான் ஃபாக் லைட்டுக்கு மஞ்ச பிலிம் வாங்கி வச்சிக்கீறேன்!”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் மட்டும் வண்டிய நோண்டாம வுடுங்க. வேற ஒண்ணுமே வேணாம் எனக்கு” என்றாள். கெஞ்சித்தான் சொன்னாள். கேட்டிருக்கலாம்.

காரைப் போளூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. முன்பக்கம் பம்பருக்குக் கீழே இரண்டு ஃபாக் லைட். பனியில் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும், மஞ்சள் என்றால் பாதை தெரியும் என்று போனில் யாரோ சொல்ல, நான் உடனே மஞ்சள் பிலிமை வரவழைத்துவிட்டேன். ஒட்டுவது எப்படி என்று ஒரு வீடியோவும் பார்த்தேன். முதல் ஒரு நிமிடத்தைத் தள்ளிவிட்டேன். சும்மா வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பு. அதன் பிறகு அந்த ஆள் சோப்புத் தண்ணீர் தெளித்தான், பிலிமை வைத்தான், ஒரு அட்டையால் வழித்தான். அவ்வளவுதானா! இதைத்தானே நான் தினமும் செய்கிறேன்!

சனிக்கிழமை மத்தியானம் தேவகி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு படிக்க, நான் வாசலில் வேலையை ஆரம்பித்தேன். சோப்புத் தண்ணீர் தெளித்தேன், வைத்தேன், வழித்தேன். பிலிம் நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. ஏழாவது தடவை விழுந்தபோது தப்பு சோப்பில்தான் என்று தீர்மானித்தேன். (தப்பு என்னிடம் இருக்கலாம் என்ற எண்ணம் அந்த வயதில் எனக்கு வருவதே இல்லை. அந்த வயது என்றால் முப்பத்தாறு.)

சோப்பு ஒட்டவில்லை என்றால் பசை. வீட்டில் பசை இல்லை. அடுப்படியில் ஒரு பானை நிறையச் சாமைக் கஞ்சி இருந்தது. சின்ன வயதில் கஞ்சி தடவிச் சுவரில் எத்தனை நோட்டீஸ் ஒட்டியிருப்பேன்! இரண்டு கரண்டி எடுத்துக் குழைத்துத் தடவினேன். ஆகா, பிலிம் அசையாமல் உட்கார்ந்தது. கஞ்சியில் உப்புப் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், லைட்டுக்கு என்ன ரத்தக்கொதிப்பா வரப்போகிறது என்று விட்டிருப்பேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிக்கலாம். பிலிம் மிச்சம் இருந்தது. வீணாகப் போவானேன் என்று ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து ஒட்டினேன். அவை பெரிசு; கஞ்சியும் கூடவே ஆனது. வெயிலில் கார் மஞ்சள் கண்ணாடி போட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றது. படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

மறுநாள் விடிகாலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். “கஞ்சி இன்னா இவ்ளோ கொறஞ்சிக்குது?” என்று பானையைப் பார்த்துக் கேட்டாள். “பூனையா இருக்கும்” என்றேன். பூனை வாய் வைத்ததை எப்படிக் குடிப்பது என்று அவள் வெறும் வயிற்றோடு வண்டியில் ஏறினாள். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை.

ஊரைத் தாண்டும்வரை தெரு விளக்கு காப்பாற்றியது. மலைப்பாதை தொடங்கியதும் பனி வந்து காரைப் போர்த்திக்கொண்டது. கம்பீரமாக ஃபாக் லைட்டைப் போட்டேன். போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஹெட்லைட்டைப் போட்டேன். பம்பருக்கு முன்னால் ஒரு முழம் தூரத்துக்கு, பால் கலந்த மாதிரி ஏதோ மினுங்கியது. ராத்திரியோடு ராத்திரியாகக் கஞ்சி காய்ந்து வெள்ளைச் சுண்ணாம்பாகியிருந்தது.

“இன்னாங்க ஆச்சு லைட்டுக்கு?”

“பனி ஜாஸ்தி” என்றேன்.

இறங்கிப் போய் நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்த பிலிம் அது! பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். கஞ்சி ஊறிக் கொழகொழவென்று கண்ணாடி முழுக்கப் பரவி, இருந்த வெளிச்சத்தையும் மூடியது. தேவகி இறங்கி வந்தாள். விரலால் தொட்டாள். மோந்து பார்த்தாள்.

“இது என் கஞ்சி” என்றாள்.

நான் கண்ட அழுகைகளிலேயே மோசமானது சத்தமில்லாத அழுகை. மூன்று நிமிடம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போன் டார்ச்சை எடுத்தாள். “நான் முன்னால நடக்கறேன். வெளிச்சத்தப் பாத்துனே வாங்க. இங்கியே நின்னா எட்டரைக்கு நான் இங்கதான் இருப்பேன்” என்றாள்.

ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் பள்ளம்; எவ்வளவு ஆழம் என்று பனி காட்டவில்லை, அந்த மட்டும் நல்லது. அவள் நடந்தாள், நான் முதல் கியரில் ஊர்ந்தேன். “வாங்க... வாங்க... எடது பக்கம்... நில்லுங்க!” வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன். எதிரே பஸ் வந்தால் முதலில் அடிபடுவது காரில்லை, அவள். இந்த எண்ணம் வந்த பிறகு வளைவில்லாத இடத்திலும் ஹாரன் அடித்தேன். ஒரு வளைவில் டார்ச் வெளிச்சம் சட்டென்று காணாமல் போனது.

பிரேக்கை மிதித்தேன். “தேவகி!” என்று கத்தினேன். பதில் இல்லை. எனக்கு வேலையும் வேண்டாம், தேர்வும் வேண்டாம், அவள் குரல் மட்டும் கேட்டால் போதும் என்றாகிவிட்டது. வாய்விட்டு அழுதேன், வெட்கம் என்ன இதில்.

“கத்தாதீங்க, மாடு மெரளுது!” என்றது குரல்.

கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த ஒரு செவலைப் பசு, நடுரோட்டில் அவளுக்கு எதிரே நின்றிருந்தது. வெளிச்சத்துக்கு மிரளுமே என்றுதான் அவள் டார்ச்சை அணைத்திருந்தாள். அவள் அதை ஓரமாகத் தள்ளத் தள்ள, அது அவளைச் சுற்றிக்கொண்டு நேரே கார் பக்கம் வந்தது. மோந்தது. ஹெட்லைட்டை ஒரு நக்கு நக்கியது. உப்புப் போட்ட சாமைக் கஞ்சி. எந்த மாடு விடும்? இன்னொரு நக்கு. பிலிம் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் வந்தது.

தேவகிக்குத்தான் முதலில் மூளை வேலை செய்தது. “லைட்ட அணைங்க, நாக்கு சுட்டுடப் போவுது!” என்று அதட்டினாள். அணைத்தேன்.

பின்னாலேயே கம்பளி போர்த்திய ஒரு பெரியவர் அறுந்த கயிற்றோடு ஓடி வந்தார். மாட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், ஒரு விரலால் பம்பரில் வழிந்ததைத் தொட்டார்.

“இன்னா சார், காருக்குக் கஞ்சி ஊத்தினீங்களா?”

நான் வானத்தைப் பார்த்தேன். வானமும் தெரியவில்லை.

“நாலு லைட்டுக்கும் ஊத்திக்கீறாருண்ணா” என்றாள் தேவகி. “எட்டரைக்கு எனக்குத் திருப்பத்தூர்ல பரீட்சை. மாட்ட இட்டுனு பூடாதீங்க. அந்தப் பக்கமும் நக்கட்டும்.”

பெரியவர் மாட்டின் கழுத்தைப் பிடித்து அடுத்த ஹெட்லைட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு குனிய வைத்து ஃபாக் லைட் இரண்டுக்கும். “பிளாஸ்டிக்க முழுங்கிடப் போவுதும்மா, பாத்துக்கோ” என்று அவர் பதற, கழன்ற பிலிம்களைத் தேவகி மாட்டின் வாயிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி டாஷ்போர்டில் போட்டாள். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மாடு வாலால் அடித்த இடத்தைத் தடவிக்கொண்டு நின்றேன்.

லைட்டைப் போட்டதும் பாதை தெரிந்தது. மஞ்சளாக இல்லை, பழைய வெள்ளைதான். அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரம் காரில் நடந்தது இவ்வளவுதான். அவள் வாட்ச்சைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன், “ரோட்டப் பாருங்க” என்பாள். பள்ளிக்கூட வாசலில் கார் நின்றபோது எட்டு இருபத்தெட்டு. கார் முழுசாக நிற்கும் முன்னே இறங்கி ஓடினாள். கேட்டில் இருந்த போலீஸ் அம்மா அவள் கையைப் பிடித்து, “இன்னாம்மா கையெல்லாம் பிசுபிசுன்னு?” என்று கேட்பது எனக்குக் கேட்டது. “மாட்டு எச்சிலுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கேட் மூடிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வெளியே நின்ற இரண்டு பேர் கேட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

தேர்வு முடியும்வரை ஒரு டீ குடிக்கக்கூட நகரவில்லை. வெளியே வந்தவள் காரில் உட்கார்ந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. டாஷ்போர்டில் கிடந்த பிலிம் ஒன்றை எடுத்து அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தை நகத்தால் நெருடினாள்.

“இன்னாங்க இது? இன்னொரு தோலு வருது?”

பிலிமின் அடியிலிருந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய தாள் பிரிந்து வந்தது. அதைப் பிரித்தால்தான் பசை. லேமினேஷன் பவுச்சில் உரிப்பதற்கு எதுவும் கிடையாது; அதனால் உரிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நான் தள்ளிவிட்ட அந்த முதல் நிமிடத்தில் அந்த ஆள் அதைத்தான் உரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

தேவகி அந்த மஞ்சள் பிலிமை என் சட்டைப் பையின் மேல் வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பிரமாதமாக ஒட்டியது. அப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தாள். ஆலங்காயம் தாண்டும்வரை சிரித்தாள்.

அவள் தேறிவிட்டாள். இப்போது போளூரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை. பஸ்ஸில்தான் போய் வருகிறாள், நான் காரை எடுக்கட்டுமா என்று கேட்பதில்லை. வீட்டில் நான் எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும், “உரிச்சாச்சா?” என்று ஒரு குரல் வரும். அவள் சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது, “உங்க காரும் சாப்டும்ல?” என்று மரியாதையாகக் கேட்கிறார்கள்.

வேலை உத்தரவு வந்த அன்று நான் இனிப்பு வாங்கக் கிளம்பினேன். “இனிப்பு அப்புறம். மொதல்ல ஒரு மூட்ட தவிடு வாங்குங்க” என்றாள். அந்த வளைவுக்குப் போய், பெரியவரின் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, மூட்டையைப் பிரித்துச் செவலையின் முன்னால் வைத்தோம். மாடு தவிட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு இரண்டையும் விட்டுவிட்டு நேரே போய் ஹெட்லைட்டை நக்கியது.