பத்து நாள் இருமாத வீடு

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்ற உறுதியோடு பேனாவைத் திறந்திருக்கிறேன். ஆகவே ‘இங்கு அனைவரும் நலம்’ என்ற வரியைச் சரிபார்த்துவிட்டுக் கடைசியில் எழுதுகிறேன்.

பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கும் நீங்கள், “வீட்ல பத்து நாள் ஒருத்தரும் இருமாம இருந்தாத்தான் வருவேன், அந்தப் பிஞ்சுகளுக்கு நான் சளி கொண்டுபோகக் கூடாது” என்று போனில் சொன்னீர்கள் அல்லவா, மறுநாளே அப்பா தையல் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஆரஞ்சு நிற வைட்டமின் மாத்திரைகளோடு வந்துவிட்டார். நான் நூலகப் புத்தகத்தைப் பிரித்து, வைட்டமின் குறைவாக இருப்பவர்களுக்கு இது ஓரளவு உதவலாம், சளியே வராது என்று சொல்ல முடியாது என்று வாசித்துக் காட்டினேன். “ஓரளவுன்னு போட்டிருக்குல்ல? உங்க அத்தை வர்றதுக்கு அந்த ஓரளவு போதும், வாயைத் திற” என்றார்.

பாட்டில் மூடி உடைந்ததால் மாத்திரைகள் அப்பாவின் பொத்தான் டப்பாவுக்குக் குடிபோயின. அங்கேதான் வினை. நாலாம் நாள் அப்பா கண்ணாடி போடாமல் எடுத்துக் கொடுத்ததை அம்மா அரை மணி நேரம் சப்பினார்.

“என்னங்க, இது கரையவே மாட்டேங்குது.”

“உசந்த சரக்கு அப்படித்தான். பொறுமையா சப்பு.”

“புளிப்பே இல்லையே.”

“புளிப்புக்கா சாப்பிடறோம்?”

அம்மா கையில் துப்பிப் பார்த்தார். “நாலு ஓட்டை இருக்குங்க!”

அது ஒரு சின்னப் பெண்ணின் கவுனுக்கு வைத்திருந்த பொத்தான். வெந்நீரில் கழுவித்தான் தைத்தோம். அம்மா அன்று முழுவதும் அப்பாவோடு பேசவில்லை. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

இன்று ஒன்பதாம் நாள். டப்பாவைப் பிரித்து அடுக்கினேன். அடியில் உங்கள் சீருடைத் துணியின் மிச்சத்தில் தைத்த சின்னப் பை, அதற்குள் ஒன்பது மாத்திரைகள். அப்பா தன் பங்கைச் சாப்பிடவே இல்லை, அத்தை. கேட்டதற்கு, “நான் மிஷின்கூட உட்கார்ந்திருக்கேன், மிஷினுக்கா சளி பிடிக்கும்? அவதான் ஆஸ்பத்திரியில நிக்கிறா, அவளுக்குத்தான் இது வேணும். இதை எழுதிடாதே, திட்டுவா” என்றார். எழுதிவிட்டேன்.

இதுவரை ஒருவரும் இருமவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். உங்கள் தலையணைக்கு அப்பா புது உறை தைத்து, அதை யாரும் தொடாதபடி அலமாரி மேல் வைத்திருக்கிறார்.

அம்மாவின் அன்பு, அப்பாவின் ஆசி, என் வணக்கம் மூன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சரிபார்த்துவிட்டேன்: இங்கு அனைவரும் நலம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டப் போகும்போது அப்பா இருமினார். இரண்டு முறை. “சாக்பீஸ் தூசும்மா” என்றார். பக்கத்தில் சாக்பீஸே இல்லை. “இந்த ஒரு தடவை மட்டும் எழுதாதேம்மா. என் தங்கச்சியப் பார்த்து மூணு மாசமாச்சு” என்றார். மூக்கை வேறு உறிஞ்சினார். ஆகவே, மேலே உள்ள ‘அனைவரும் நலம்’ என்பதை நீங்களே அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் வராதீர்கள், தெருவில் நில்லுங்கள். அப்பாவை மாடி ஜன்னலுக்கு அழைத்து வருகிறேன். அந்தச் சின்னப் பையைக் கயிற்றில் கட்டி இறக்கச் சொல்கிறேன். நான் இதை எழுதுவதை அவர் பார்த்துவிட்டார். விளக்கை அணைத்துவிட்டார், இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.