பூனைக்கு இருபது நாள் நெத்திலி

இனி இந்த வீட்டில் பூனையா நானா என்று கேட்டே விட்டேன்.

"அவசரப்பட்டுக் கேக்காதீங்க," என்றாள் சபீஹா. பன்னிரண்டு வருஷமாக என் மனைவி.

ராயபுரத்தில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. ஷிப்ட் முடிந்து நான் தட்டின் முன் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக ஒரு சாம்பல் பூனை வந்துவிடும். முந்தின நாள், பொரித்த சங்கரா மீனை என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. நான் யார்? சௌக்கத் அலி. துறைமுகத்தில் நாற்பது டன் பெட்டியைக் கிரேனில் தூக்குகிறவன். எனக்கு மானம் போய்விட்டது.

போனில் தேடினேன். வழி கிடைத்தது. மிருகத்துக்கு ஒரு நாள் தீனி போட்டு, பல நாள் போடாமல் விட்டால் விடாமல் வந்துகொண்டே இருக்கும். வரும்போதெல்லாம் போட்டுப் பழக்கி, திடீரென்று நிறுத்தினால் இரண்டே நாளில் நம்மைக் கைகழுவிவிடும்.

"இருபது நாள், ஒவ்வொரு மியாவுக்கும் ஒரு நெத்திலி. அப்பால தடைக்காலம் வருது, விசைப்படகு கடலுக்குப் போவாது. டக்குனு நிப்பாட்டிடுவேன்."

"இதெல்லாம் பூனை படிச்சிகீதா?"

"நான் ஜெயிச்சா தெனம் முட்டை தோசை போடணும்."

"பாக்கலாம்."

அந்த முட்டை தோசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தினமும் நாலு மணிக்குத் தண்ணீர் லாரி வரும். ஆறு குடம் நான்தான் மாடிக்குத் தூக்குவேன். பயத்தால் அல்ல, உடற்பயிற்சிக்காக. தூக்கி முடித்தால் சில நாள் மிளகு தூவிய முட்டை தோசை. பல நாள் வெறும் டீ. எந்த நாள் எது என்று அல்லாவுக்கும் சபீஹாவுக்கும்தான் தெரியும்.

கீழ்வீட்டு சைமன் காசிமேட்டுப் படகில் வேலை செய்கிறவன். நெத்திலி அவன் உபயம். இருபது நாளில் பூனைக்குக் கழுத்தே காணாமல் போனது. தடைக்காலம் தொடங்கியது. நிறுத்தினேன். முதல் நாள் அரை மணி நேரம் கத்தியது. மறுநாள் ஐந்து நிமிஷம். மூன்றாம் நாள் ஜன்னல் காலி.

மாடிப்படியில் நின்று வெற்றியை அறிவித்தேன்.

"பாய், நீ சயின்டிஸ்ட்டு பாய்," என்றான் சைமன்.

ஜன்னலை அகலத் திறந்து வைத்து நாலு நாள் கருவாடு தின்றேன். அவ்வளவு சந்தோஷம். ஐந்தாம் நாள் அதே ஜன்னலில் அதே பூனை. கத்தவில்லை. அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"இன்னா சபீஹா, திரும்ப வந்துகினு கீது?"

"வராம? மூணு வருசமா ஒரு நாள் மீன் தலை போடுவேன், நாலு நாள் போடமாட்டேன். எலி வராம இருக்கணும்ல. நீங்க இருபது நாள் குடுத்துட்டா அத்த மறந்துடுமா?"

ஆனாலும் ஆண்பிள்ளை. "நாலு நாள் ஜெயிச்சேன்ல? தெனம் முட்டை தோசை இன்னா ஆச்சு?"

"தெனம் போட்டுட்டு ஒரு நாள் முட்டை இல்லன்னா ரெண்டே நாள்ல நின்னுடுவீங்க. நீங்கதானே சொன்னீங்க. அப்பால தண்ணி யாரு தூக்கறது?"

"நான் ஒண்ணும் பூனை இல்ல," என்றேன் கம்பீரமாக.

கீழே லாரி ஹாரன் அடித்தது. கை தானாகக் குடத்துக்குப் போனது.

"இன்னிக்காவது உண்டா?"

"பாக்கலாம்."

அன்று ஏழு குடம் தூக்கினேன்.